எடுக்காமல் விட்ட வாளிகள்

அன்று சபைக் கந்தோரின் மேல் மாடியில் இருந்தவர்கள் இவர்கள்.

மேசையின் தலைப்பில் செயலாளர் மாத்தயா. அவருக்கு வலப் பக்கம் சுகாதாரப் பரிசோதகர். யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் பி.எச்.ஐ. ஐயா என்போம். இடப் பக்கம் திட்டத்தை எழுதிய மிஸ். பேராதனையில் படித்துவிட்டு வேலைக்கு வந்து நான்கு மாதம். எதிரில் பண்டா மாத்தயா. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், குப்பையை உரமாக்கும் எங்கள் கொம்போஸ்ட் யார்டைச் சுற்றியுள்ள கிராமத்துக்காகப் பேச வந்தவர். அவருக்குப் பின்னால் ட்ரக்டர் சாரதி நிஸாம் நானா. கதவோரக் கதிரையில் நான்.

உங்கள் சபையிலும் தொடங்கப் போகிறோம், எங்கள் தெருத் திட்டம் எப்படி ஆரம்பித்தது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தெரிந்த மாதிரி எழுதுகிறேன். அட்டவணை, வரைபடம் எல்லாம் ஃபைலில் இருக்கிறது. ஃபைலில் இல்லாததைச் சொல்கிறேன்.

டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்த அடுத்த வருஷம். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் சபை. கிராமத்து ஆட்கள் மூன்று நாள் யார்டு கேட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. உக்கி உரமாகும் குப்பையோடு பொலித்தீனும் போனது. காற்றடித்தால் அது வயலில் போய் ஒட்டியது. கிணற்றில் விழுந்தது. எத்தனை தடவை சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை.

யார்டு மூடினால் குப்பை அள்ளும் வேலை வெளி லொறிக்காரருக்குப் போகும். செயலாளர் அதைச் சொல்லிவிட்டார். என் கீழ் பதினான்கு பேர் வேலை செய்தார்கள். பதினான்கு பேரும் நாள் சம்பளம். கையில் கடிதம் கிடையாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். நான் நிரந்தரம். எனக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பண்டா மாத்தயா சிங்களத்தில் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இருபத்தெட்டு நாள் தர்றோம். பிரிச்சுக் கொண்டு வாங்க. கடைசி நாள் நீங்க கொண்டு வர்ற எல்லாச் சாக்கையும் கேட்டுல கொட்டிப் பாப்போம். ஒரு சாக்குல பொலித்தீன் இருந்தாலும் பூட்டு."

நிஸாம் நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாத்தயா, ஓங்கட வீட்டு வாளியக் கொண்டாந்து கொட்டினாலும் ஒண்டு ஈக்கும்."

செயலாளர் முறைத்தார். பண்டா மாத்தயா திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டு வாளியில ரெண்டு இருக்கும்," என்றார். "சரி. ரெண்டு சாக்கு மன்னிப்பு. மூணாவது சாக்குல இருந்தா பூட்டுத்தான்."

இதுதான் ஒப்பந்தம். கையெழுத்து இல்லை. மிஸ் விரல் விட்டு எண்ணினார். திங்கள், வியாழன், எட்டுச் சுற்று என்று எழுதினார். எட்டாம் சுற்று எந்த வாரத்தில் வருகிறது என்று ஒருவரும் கலண்டரைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஒரு ஊரில் திட்டம் போடும்போது முதலில் அந்த ஊர்க் கலண்டரைப் பாருங்கள்.

மிஸ் வரைந்த திட்டத்தில் வீட்டுக்கு நான்கு வாளி. பச்சை, நீலம், சிவப்பு, செம்மஞ்சள். பார்க்க அழகு. யாராவது கேள்வி இருக்கிறதா என்றார். நான் கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்று திறந்தேன்.

"மிஸ், அந்தத் தெருவுல பாதி வீட்டுக் குசினியில ஒரு ஆள் நின்னா இன்னொரு ஆள் திரும்ப முடியாது. நாலு வாளி குடுத்தா ஒண்ணக் கட்டில் மேலதான் வைக்கணும்."

மிஸ் கோபிக்கவில்லை. "அப்ப எத்தனை வைக்கலாம்?" என்று கேட்டார்.

"ரெண்டு. உக்குறது ஒண்ணு. உக்காதது ஒண்ணு."

அந்த இடத்திலேயே அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். படித்த பிள்ளை, அடித்து எழுத வெட்கப்படவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டோம். ஏற்றமான தெரு. நூற்று நாற்பத்தெட்டு வீடு. எல்லா ஆட்களும் இருந்தார்கள்; எங்கள் ஆட்கள், சிங்கள ஆட்கள், முஸ்லிம் ஆட்கள். உக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மூடியோடு. ஐந்து வாளியை ஒரு உரச் சாக்கில் கொட்டிக் கட்டுவோம். ஒரு வாளி கெட்டால் ஐந்து வீட்டுச் சாக்கும் கெட்டது.

முதல் திங்கள். நான், என் ஆட்களில் பாக்கியமும் இன்னும் இரண்டு பேரும், ஓட்ட நிஸாம் நானா. முதல் வாளியைத் திறந்தேன். உள்ளே சோற்றுப் பார்சலைச் சுற்றும் பொலித்தீன் தாள், லன்ச் ஷீட். சுருட்டி, எலும்போடு, கறியோடு. இரண்டாவதில் ஷம்பூ உறை. மூன்றாவதில் குழந்தையின் நெப்பி. நான்காவது சுத்தம். அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

தெரு முனையில் மதகு. பக்கத்தில் பலா மரம். ட்ரெய்லரை அங்கே நிறுத்தச் சொன்னேன்.

"கொட்டுங்க. பொறுக்குங்க," என்றேன்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். "ஏன் அக்கா, இது வீட்டுக்காரங்க வேலையில்லையா?"

"நீ பொறுக்கு."

"நாம பொறுக்கினா அவங்க எதுக்கு அக்கா பொறுக்கப் போறாங்க?"

"பாக்கியம், நீ பொறுக்கு."

அவள் சொன்னது சரி. நான் கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். கொழுந்துக் கூடையில் முற்றின இலை இருந்தால் நிறுவைக்கு முன்னால் நாமே பொறுக்கி எறிந்துவிடுவோம். தராசுக்குப் போகும்போது கூடை சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏச்சு. அது என் அம்மாவின் கையில் இருந்தது. என் கையிலும் இருந்தது. யாரோ போட்ட குப்பையையும் என் கூடை என்று நினைத்துவிட்டேன்.

யார்டு கேட்டில் கிராமத்து ஆட்கள் சாக்கைத் திறந்து பார்த்தார்கள். சுத்தம். தலையாட்டினார்கள். நான் ரெஜிஸ்டரில் எழுதினேன்: பிரித்த வீடு நூற்று நாற்பது. கீழே கோடும் போட்டேன். அதுதான் அசிங்கம்.

செயலாளர் சந்தோஷத்தில் எங்களுக்குத் தேநீரும் பேக்கரிப் பனிசும் வாங்கித் தந்தார். மிஸ் ஒரு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டினார். கோடு மேலே ஏறியது. நிஸாம் நானா அதன் முன்னால் நின்று, "இந்தக் கோட்டுல ஓட்டினா ட்ரக்டர் குடை சாஞ்சிரும் அக்கா," என்றார். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் பனிசைத் தின்றோம்.

இரண்டாம் சுற்றில் மதகடியில் பொறுக்க ஒரு மணித்தியாலம். மூன்றாம் சுற்றில் ஒன்றரை. நான்காம் சுற்றில் இரண்டரை. குறைய வேண்டியது கூடிக்கொண்டே போனது. மூன்றாம் சுற்றில் யாரோ உடைந்த பல்ப்பை சோற்றுக்குள் போட்டிருந்தார்கள். பாக்கியத்தின் உள்ளங்கையில் கையுறையைக் கிழித்துக்கொண்டு ஏறிவிட்டது. நான்கு தையல். அவள் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான்காம் சுற்று, வியாழக்கிழமை. தெருவின் நடுவில் ஒரு மாடி வீடு. மேலே தையல் மெசின் வைத்து வேலை செய்கிற ஒரு உம்மா இருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர்; முஸ்லிம் வீட்டுப் பெண்களை உம்மா என்றே கூப்பிட்டு எனக்குப் பழக்கம். பெயர் எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. முதல் நாளிலிருந்து தெருவிலேயே சுத்தமான வாளி அவருடையது. தேயிலைச் சக்கை, மரக்கறித் தோல், முட்டைக் கோது, வேறொன்றும் இருக்காது.

அன்று மூடியைத் திறந்தால் மேலேயே ஒரு பொலித்தீன் ஷொப்பிங் பேக். அதற்குள் மீன் தலை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலில் நின்றார். கழுத்தில் அளவு நாடா.

"என்னங்க உம்மா இது?"

"என்ன அக்கா? நீங்கதானே பொறுக்குறீங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லத் தேவல்ல. இந்த ஜன்னலால மதகு தெரியும். நான் பிரிச்ச வாளியயும் பக்கத்து வீட்டு வாளியயும் ஒரே குவியல்ல கொட்டுறீங்க. பொறகு நான் என்னத்துக்குக் கை நாறிக்கொண்டு பிரிக்கிற?"

நான் அந்தப் பேக்கைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"தெருவுல எல்லாருக்கும் தெரியும் அக்கா," என்றார். "ஒளிச்சுச் செய்றதா நினைச்சுக்கொண்டு ஈக்கிறது நீங்க மட்டும்தான்."

ஜன்னலை விட்டுப் போய்விட்டார். மெசின் சத்தம் கேட்டது.

முப்பது வருஷ வேலையில் எனக்குப் பெரிய பெரிய அதிகாரிகள் வகுப்பு எடுத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்து படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றும் நினைவில்லை. அந்த ஜன்னலில் கேட்டது மட்டும் நிற்கிறது. நாங்கள் பொறுக்கியது சோம்பேறி வீட்டுக்கு உதவி. அதோடு ஒழுங்கான வீட்டுக்கு அவமானம். இரண்டாவதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

மறுநாள் காலை பி.எச்.ஐ. ஐயாவின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"ரெஜிஸ்டர்ல எழுதினது பொய் ஐயா. பிரிச்சது வீட்டுக்காரங்க இல்ல. நாங்க."

"என்ன அக்கா கதைக்கிறீங்கள்?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"செயலாளர் மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பிப்போட்டார். தெருவே திருந்திட்டுதாம்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி. இன்னும் நாலு சுற்றுக் கிடக்கு. என்ன செய்யலாம் எண்டு நினைக்கிறீங்கள்?"

"எடுக்காம விடணும். கலந்த வாளிய வாசல்லயே விட்டுட்டு வரணும்."

"எத்தினை வீடு வரும்?"

"நூறு வரும் ஐயா."

"நூறு வீடு!" என்றார். பிறகு, எனக்கு இன்றும் நம்ப முடியாது, சிரித்தார். "திங்கக்கிழமை நானும் வாறன். ஏச்சு வாங்க ஒரு ஆள் கூடுதலா இருந்தா நல்லம்."

உண்மையைச் சொல்ல நல்ல நேரம் என்று ஒன்று வராது. பாதியில் சொன்னதால் எங்களுக்கு நாலு சுற்று மிஞ்சியது. கடைசியில் சொல்லியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது.

எடுக்காத வாளிக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்றார் ஐயா. மிஸ் சிவப்பு ஸ்டிக்கர் அடிக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். சிவப்பு ஒட்டினால் தெருவே பார்க்கும். மானம் போனவன் பிரிக்க மாட்டான், சண்டைக்குத்தான் வருவான். மூடியைக் கவிழ்த்து வைப்போம், அதன் மேல் தப்பான பொருளில் ஒன்றை எடுத்து வைப்போம் என்றேன். லன்ச் ஷீட் என்றால் லன்ச் ஷீட். நெப்பி என்றால் நெப்பி. கடிதம் வேண்டாம். மொழி வேண்டாம். எல்லாருக்கும் விளங்கும்.

ஐந்தாம் சுற்று. அந்தத் திங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார்ந்திருக்க முடியாது.

நூற்று மூன்று மூடியைக் கவிழ்த்தோம். சாக்கு ஒன்பதுதான். ட்ரெய்லர் காலியாக ஆடிக்கொண்டு போனது. யார்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மணி பத்தரை. பி.எச்.ஐ. ஐயாவின் போன் அடித்தது. என் போன் அடித்தது. நிஸாம் நானாவின் போனும் அடித்தது.

குரங்கு!

மூடியைக் கவிழ்த்தால் வாளி இறுக மூடாது. எங்களுக்கு அது தோன்றவில்லை. குரங்குக்குத் தோன்றிவிட்டது. நாங்கள் போகும்போது ஒரு முழுக் கூட்டம் தெருவில் இறங்கியிருந்தது. கூரையில் எலும்பு. மின்கம்பியில் லன்ச் ஷீட். வங்கி மனேஜரின் வெள்ளைக் காருக்கு மேல் ஒரு தாய்க் குரங்கு உட்கார்ந்து பருப்புக் கறி தின்றது. குட்டிக்கு யாருடையதோ நெப்பியைப் போர்த்தியிருந்தது.

தெரு முழுக்கச் சத்தம். "இதுதான் ஓங்கட திட்டமா?" "சபையா, சர்க்கஸா?" ஒரு அம்மா விளக்குமாற்றோடு என் முன்னால் வந்து நின்றார். குரங்குக்கு ஓங்கியதா எனக்கு ஓங்கியதா தெரியவில்லை.

செயலாளர் போனில் இருந்தார். "இந்த நிமிஷமே எல்லாத்தையும் எடுங்க. கலந்திருந்தாலும் எடுங்க. இது ஓடர்."

நான் தெருவின் நடுவில் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓடர் என்றால் எடுக்கத்தான் வேண்டும். எடுத்தால் அன்றோடு முடிந்தது. அடுத்த சுற்றில் ஒரு வீடும் பிரிக்காது. எடுக்காவிட்டால் என் வேலைக்கும் கேள்வி வரும்.

"எடுக்கிறோம் மாத்தயா," என்றேன். "இன்னைக்கே எடுக்கிறோம். கலந்து எடுக்க மாட்டோம். ரெண்டு மணிக்குத் திரும்பி வர்றோம். அதுக்குள்ள வீட்டுக்காரங்க வாசல்ல உக்காந்து பிரிச்சு வைக்கட்டும். பிரிச்சு வச்சா ஒரு வாளியும் மிஞ்சாது."

பதில் வருமுன் பி.எச்.ஐ. ஐயா என் கையிலிருந்த போனை வாங்கினார். "ஓம் சேர், நான்தான் சொன்னனான்," என்றார். அவர் சொல்லவில்லை. தன் தலையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் தடவை வருவது அப்படித்தான் திட்டத்துக்குள் வந்தது. இப்போது ஃபைலில் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஒரு குரங்குக் கூட்டத்துக்கு முன்னால் பயத்தில் வாயில் வந்தது. ஆனால் வேலை செய்தது. எடுக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னால் சண்டை. திரும்பி வருவோம் என்று சேர்த்துச் சொன்னால் வேலை.

மத்தியானம் வரை அந்தத் தெருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு வாசற்படியில் ஆள். கையில் ஷொப்பிங் பேக்கைக் கையுறையாக மாட்டிக்கொண்டு சோற்றுக்குள் துழாவினார்கள். வங்கி மனேஜர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார், கழுத்துப் பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டு குந்தினார்.

எதிர் வீட்டு டீச்சர் கேட்டார். "என்ன மனேஜர், டெபொசிட்டா, வித்ட்ரோவலா?"

"ஒங்க வீட்டுக் கணக்கையும் பாத்தேன் டீச்சர்," என்றார் அவர். "கூரையில ஓவர்ட்ராஃப்ட் தொங்குது."

டீச்சர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அவர் வீட்டு லன்ச் ஷீட் மழைத்தண்ணிப் பீலியில் தொங்கியது. தெரு முழுக்கச் சிரிப்பு. விளக்குமாற்று அம்மாவும் சிரித்தார். மாடி ஜன்னலில் அந்த உம்மா நின்றார். சிரிக்கவில்லை. ஆனால் ஜன்னலை மூடவும் இல்லை.

ஆறாம் சுற்றில் மூடிக்கு மேல் ஒவ்வொரு கல் வைத்தோம். கவிழ்த்தது ஐம்பத்தெட்டு. ஏழாம் சுற்றில் இருபத்து மூன்று. இது உண்மை எண்ணிக்கை. அந்த உம்மாவின் வாளி திரும்பவும் சுத்தமானது. அது மட்டும் இல்லை. தைக்கத் துணி கொண்டு வரும் பெண்களிடம் அவரே கேட்க ஆரம்பித்தார். "ஓங்கட மூடி நிமிந்து ஈக்கா, கவிழ்ந்து ஈக்கா?" சட்டை தைக்க வந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போனார்கள். மிஸ் எழுதிய துண்டுப் பிரசுரத்தைவிட அந்தக் கேள்வி வேகமாகத் தெருவில் ஓடியது.

பதினான்கு பேரும் தினமும் காலையில் என்னிடம் எண்ணிக்கை கேட்டார்கள். எத்தனை அக்கா, எத்தனை அக்கா. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. பாக்கியம் தையல் பிரித்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

எட்டாம் சுற்று, வியாழக்கிழமை. கேட்டில் கொட்டிப் பார்க்கும் நாள்.

அது கண்டிப் பெரஹராவின், யானை ஊர்வலத்தின், கடைசி நாட்களில் விழுந்தது.

நீங்கள் கண்டிப் பக்கத்து ஆட்கள், சொல்லத் தேவையில்லை. மாத்தளை, தெல்தெனிய, புத்தளம், எங்கெங்கோ இருந்து சொந்தக்காரர்கள் வந்து வீடு வீடாக இறங்கியிருந்தார்கள். நான்கு பேர் வீட்டில் பன்னிரண்டு பேர். முந்தின ராத்திரி சாப்பாடு எல்லாம் பார்சல். வந்தவர்களுக்குப் பச்சை வாளியும் தெரியாது, கவிழ்ந்த மூடியும் தெரியாது. தின்ற கையோடு சுருட்டி எதிலாவது போடுவார்கள்.

பண்டா மாத்தயா காலையிலேயே போன் எடுத்துச் சொன்னார். "பத்து மணிக்குக் கேட்டுல இருங்க. அதுக்கு மேல நிக்க மாட்டோம். நாங்களும் பெரஹரா பாக்கப் போய் ரோட்டுல பாய் விரிச்சு இடம் பிடிக்கணும்."

இன்னொரு நாள் கேட்கலாமா என்றார் மிஸ். நாள் அவர்கள் தந்தது. மாற்றிக் கேட்டால் ஒளிக்கிறோம் என்று நினைப்பார்கள் என்றேன்.

மணி ஆறு. நூற்று நாற்பத்தெட்டு வாளி. நான்கு பேர். ஒவ்வொரு வாளியையும் அடி வரை கிளறிப் பார்க்க நேரமில்லை. மேலே பார்த்தால் எல்லாம் வாழைத்தோல். கெட்டது அடியில் கிடக்கும். மதகடியில் கொட்டிப் பொறுக்கலாம் என்று ஒரு ஆள் மெதுவாகச் சொன்னான். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அக்கா, என்றான். பலா மரம் அங்கேதான் நின்றது. எனக்கும் அந்தப் பக்கம் கண் போனது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"வேணாம்," என்றேன். "ஒரு கேள்வி கேப்போம். நேத்து வீட்ல விருந்தாளி இருந்தாங்களான்னு. இருந்தாங்கன்னா வாளியத் திறக்கவே வேணாம். விட்டுட்டு மத்தியானம் வருவோம். இல்லன்னா திறந்து பாத்து எடுப்போம்."

"நல்லாப் பிரிக்கிற வீடா இருந்தா?" என்றாள் பாக்கியம்.

"விருந்தாளி இருந்தா விடு."

முதல் வீடு, பத்து பேர். விட்டோம். இரண்டாம் வீடு, விருந்தாளி இல்லை. எடுத்தோம். ஓடினோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. நிஸாம் நானா ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார். "இருந்தாங்களா? எத்தனை பேர்? சரி, மத்தியானம்!" தூக்கக் கண்ணோடு வந்தவர்கள் விருந்தாளியை எதற்குக் குப்பைக்காரர்கள் விசாரிக்கிறார்கள் என்று முழித்தார்கள்.

மாடி வீடு வந்தது. அந்த உம்மா வாளியோடு கீழேயே நின்றார்.

"நேத்து ஆள் வந்தாங்களா உம்மா?"

"ஏழு பேர். புத்தளத்துச் சாச்சி வீட்டாக்கள். ஆனா வாளிய நான்தான் பார்த்துக்கொண்டேன்."

"சரி. மத்தியானம் எடுக்கிறோம்."

அவர் முகம் மாறியது. "என்ட வாளியவா விடுறீங்க?"

"ஆமா உம்மா."

"தெறந்தாவது பாருங்களே!"

திறக்கவில்லை. ஒருவருக்குத் திறந்தால் அறுபது வீட்டுக்குத் திறக்க வேண்டும். மணி எட்டு இருபது. அவர் இல்லையென்றால் இந்தத் தெருவில் ஒன்றும் நடந்திருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். குனிந்து அவர் கண் முன்னால் அந்த மூடியைக் கவிழ்த்தேன். கல்லை வைத்தேன். அவர் படியேறிப் போனார்.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மத்தியானம் அந்த வாளியைக் கொட்டிப் பார்த்தோம். ஒரு துண்டு பொலித்தீன் இல்லை. மேலே ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "தெறந்து பார்த்தீந்தா தெரிஞ்சீக்கும்தானே," என்றார். அவ்வளவுதான். ஒரு மாதம் ஜன்னலில் நிற்கவில்லை. அதே காலை திரும்பி வந்தால் அதே மாதிரிதான் விடுவேன். ஆனால் அது சும்மா வந்த முடிவு என்று நினைக்காதீர்கள்.

விருந்தாளி இருந்த வீடு அறுபத்தொன்று. திறந்து பார்த்து, கலந்திருந்ததால் விட்டது எட்டு. எடுத்தது எழுபத்தொன்பது வாளி. பதினாறு சாக்கு.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கக் கேட்டில் நின்றோம். கிராமத்து ஆட்கள் முப்பது பேர் இருப்பார்கள். சிலர் கையில் சுருட்டின பாய். செயலாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். ட்ரெய்லரைப் பார்த்தார். பாதி கூட இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு பதினான்கு பேரில் மற்றவர்களும் வந்து மதிலோரம் நின்றார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் பண்டா மாத்தயா. "மத்ததெல்லாம் எங்க?"

"வீட்டு வாசல்ல இருக்கு மாத்தயா."

"ஏன்?"

"சுத்தமான்னு தெரியல. தெரியாதத இங்க கொண்டு வர மாட்டோம்."

அவர் செயலாளரைப் பார்த்தார். ட்ரெய்லரைப் பார்த்தார். "கொட்டுங்க," என்றார். "பத்தரைக்கு எங்களுக்கு பஸ்."

தரையில் கொட்டினோம். அவர் ஒரு கம்பால் கிளறினார். முதல் சாக்கு, சுத்தம். இரண்டு, சுத்தம். மூன்று, சுத்தம். நான்காவதில் ஒரு முழு லன்ச் ஷீட். விரித்துத் தூக்கிக் காட்டினார். மதிலோரம் ஒரு பெருமூச்சுக் கேட்டது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. சுத்தம். ஒன்பதாவதில் ஒரு டொபி உறை. விரல் நுனி அளவு.

"இதுவும் கணக்கா?" என்றார் நிஸாம் நானா.

"பொலித்தீன்தானே?" என்றார் பண்டா மாத்தயா.

"ஆமா, கணக்குத்தான்," என்றேன் நான். நிஸாம் நானா என்னைக் கடித்துவிடுவது போலப் பார்த்தார்.

இன்னும் ஏழு சாக்கு. ஒன்று போதும், பூட்டு. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றாவதைக் கொட்டியதும் நடுவில் ஏதோ வெள்ளியாய் மினுங்கியது. கிராமத்து ஆட்கள் முன்னால் வந்துவிட்டார்கள். பாக்கியம் என் கையைப் பிடித்தாள். பண்டா மாத்தயா கம்பால் குத்தித் தூக்கினார்.

"மீன் தோல்!" என்று கத்தினார் நிஸாம் நானா. "மாத்தயா, அது பாரை மீன் தோல்!"

பண்டா மாத்தயா மூக்கருகில் கொண்டு போனார். முகத்தைச் சுளித்தார்.

"மீன்தான்," என்றார். "நேத்தைக்கு முந்தின நாள் மீன்."

யாரோ சிரித்தார்கள். பதினான்கு. பதினைந்து. பதினாறாம் சாக்கைப் பாக்கியமே இழுத்து வந்து கொட்டினாள். கம்பு வருமுன் இரண்டு கையாலும் பரப்பினாள். பலாக் கொட்டைத் தோல், தேயிலைச் சக்கை, கருவேப்பிலைக் காம்பு, வாழையிலை. பண்டா மாத்தயா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

நிமிர்ந்து, பி.எச்.ஐ. ஐயாவிடம் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினார். ஜீப்பின் மேல் வைத்துத் தன் கையாலேயே எழுதினார். கொட்டிய சாக்கு, பதினாறு. பொலித்தீன் இருந்த சாக்கு, இரண்டு.